கட்டைவிரல் கோஷ்டியும் பக்கத்து இருக்கையும்

எட்டு மாதமாக என் ஒரு செய்திக்கும் பதில் போடாத ஒருவனுக்கும் சேர்த்துக் கச்சேரி டிக்கெட் வாங்கிக்கொண்டு, திருச்சியிலிருந்து ஆக்லாந்துக்குக் கிளம்பிப் போன முட்டாள் நான். அவன் வருகிறேன் என்று சொல்லவில்லை. நான் வருகிறேன் என்று அவனிடம் சொல்லவுமில்லை. திடீரென்று போய் நின்று அவனைத் திகைக்க வைக்கப் போகிறேனாம். அறுபத்திரண்டு வயது ஆளுக்கு இவ்வளவு தன்னம்பிக்கை ஆகாது. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “அவர் கதவைத் திறக்கலன்னா?” நான் சிரித்து வைத்தேன். பதில் தெரியாதபோது சிரித்து வைப்பது அரசு அலுவலகத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே வேலை.

அவன் பெயர் பெஞ்சமின். எனக்கு பென்னி. எண்பதுகளில் பொன்மலையில் நாங்கள் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தோம். அவன் கீபோர்டு, நான் பேஸ் கிட்டார். கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசித்துப் பிழைத்தோம். ஆனால் எங்கள் மனசு முழுக்க ஓர் ஆங்கிலேய ஜாஸ்-ஃபங்க் குழுவின் மீது இருந்தது. அந்தக் குழுவில் பேஸ் வாசிப்பவர் தந்தியை மீட்ட மாட்டார், கட்டைவிரலால் அடிப்பார். தவில்காரர் கோபத்தில் கிட்டாரை எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. அதனால் அவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் கட்டைவிரல் கோஷ்டி. சொந்தப் பெயரைச் சொன்னாலும் இங்கே பலருக்குத் தெரியாது என்பதால் இந்தப் பெயரே போதும்.

அந்தக் கோஷ்டி இன்னும் உயிரோடிருக்கிறது, ஆக்லாந்தில் வாசிக்கப் போகிறது என்று இணையத்தில் பார்த்தேன். பென்னி இருப்பதும் ஆக்லாந்தில்தான் என்று அவன் அக்கா மேரி முன்பே சொல்லி, அவன் எண்ணையும் கொடுத்திருந்தார். பிறகு எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

வியாழக்கிழமை இறங்கினேன். விமான நிலையத்தில் உணவுப்பொருளைச் சோதிக்கும் அதிகாரி ஒரு பெண். பென்னிக்காகக் கொண்டுபோன மணப்பாறை முறுக்குப் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இதில் விதை ஏதாவது இருக்கிறதா?”

“சீரகம் இருக்கிறது.”

“முளைக்குமா?”

முறுக்கில் இருக்கிற சீரகம் முளைக்குமா என்று அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. “கொதிக்கிற எண்ணெயில் போட்டாயிற்று, இனி முளைக்க வாய்ப்பில்லை” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டார்.

நகரத்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் ஒரு வீட்டின் பின்னறை எனக்கு. வீட்டுக்காரர் தவமணி, யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறார். அவரும் பள்ளிக்கூடம் போகும் மகள் அபிராவும்தான் வீட்டில். அறை வாடகையில் சாப்பாடு கிடையாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். வந்து இறங்கிய என் முகத்தைப் பார்த்ததும் அந்த விதி காணாமல் போய், புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வந்தன.

“ஆரைப் பாக்க வந்தனீங்கள் அண்ணை? சொந்தக்காரரோ?”

“ஃப்ரெண்டு. மங்கரேயில இருக்கான்.”

“நீங்கள் வந்திருக்கிறது அவருக்குத் தெரியுமோ?”

“சர்ப்ரைஸ்.”

தவமணி இன்னொரு கரண்டி புட்டு வைத்தார். “எங்கட ஊரில சொல்லாமக் கொள்ளாமக் கதவு தட்டினா ஆமிக்காரன் எண்டுதான் நினைப்பம். சாப்பிடுங்கோ.”

அபிரா தாயிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். மகள் கேட்டதைத் தாய் கூச்சமில்லாமல் மொழிபெயர்த்தார்: “அந்த ஃப்ரெண்ட் உண்மையிலேயே இருக்கிறாரோ எண்டு கேக்கிறாள்.”

வெள்ளிக்கிழமை மழை. மழை என்றால் நம் ஊர் மழை மாதிரி வந்து கொட்டிவிட்டுப் போகிற மழை இல்லை. பத்து நிமிடம் தூறும், ஐந்து நிமிடம் வெயில் அடிக்கும், மறுபடி காற்றோடு பக்கவாட்டில் வரும். என் குடை பேருந்து நிறுத்தத்திலேயே பூவாக விரிந்து பின்பக்கம் மடங்கிக்கொண்டது. அதைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கடந்து இரண்டு பேருந்துகள் நிற்காமல் போயின. மூன்றாவதை மறித்துவிடுவது என்று சாலையோரம் வரை ஓடினேன். நின்றது. ஓட்டுநர் மலேசியத் தமிழர்.

“அங்கிள், கை காட்டணும் அங்கிள். சும்மா நின்னா மழைக்கு ஒதுங்கி நிக்கிறீங்கன்னுதான நினைப்போம்?”

“எங்க ஊர்ல நின்னாலே பஸ்ஸுக்குத்தான்னு அர்த்தம்.”

“எங்க ஊர்லயும் அப்படித்தான். இங்க அப்படி இல்ல லா. உட்காருங்க.”

அந்தப் பேருந்தில் ஒரு வழக்கத்தைக் கவனித்தேன். இறங்குகிற ஒவ்வொருவரும், பின்வாசல் வழியாக இறங்கினாலும், முன்னால் இருக்கிற ஓட்டுநருக்குக் கேட்கும்படி நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், காதில் இயர்போன் மாட்டியவர்கள், யாரும் விதிவிலக்கில்லை. திருச்சியில் ஓடும் பேருந்திலிருந்து குதிக்கும்போது நாம் ஓட்டுநருக்குச் சொல்லும் வார்த்தைகள் வேறு. நானும் இறங்கும்போது உரக்கச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த இரண்டு நாள்களில் இந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகவே நான் தேவையில்லாமல் இரண்டு பேருந்துகளில் ஏறி இறங்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வேறு யாரிடமும் பேசுவதற்கு எனக்கு வேலை இருக்கவில்லை.

மங்கரேயில் விமானங்கள் வீட்டுக்கூரையை முகர்ந்துவிட்டுப் போவதுபோல் தாழப் பறக்கின்றன. மேரி அக்கா கொடுத்த முகவரியில் ஒரு சின்ன வெள்ளை மரவீடு. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. தட்டினேன். மறுபடி தட்டினேன். மனைவியின் கேள்வி நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சமோவாக்காரப் பெண்மணி ஒருவர் வெளியே வந்தார். நல்ல அகலமான, நல்ல பொறுமையான உருவம்.

“பென் சரக்குக் கிடங்கில் இருப்பான். எப்போது வருவான் என்று தெரியாது. நீங்கள் அவன் அண்ணனா?”

“இல்லை. நான் அவனுக்கு பேஸ் வாசிப்பவன்.”

இப்படி ஓர் உறவுமுறை உலகத்தில் இல்லை என்பது வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பென் ஒன்றும் வாசிக்க மாட்டானே. எங்கள் தேவாலயத்தில் ஆள் இல்லாமல் நானே மூன்று முறை கேட்டுவிட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டான்.”

பென்னிக்கு வாசிக்கத் தெரியாதாம். எதிர்ப்பக்கம் இருந்த டெய்ரியில் போய் உட்கார்ந்துவிட்டேன். டெய்ரி என்றால் பால் பூத் இல்லை. பால் முதல் பல்துலக்கி வரை விற்கும் நம் தெருமுனைப் பெட்டிக்கடைதான். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக, இறைச்சி அடைத்த ‘பை’ என்ற பலகாரம் வைத்திருந்தார்கள். நம் ஊர் பேக்கரி பப்ஸுக்கு வசதியான வீட்டில் பிறந்த ஒன்றுவிட்ட அண்ணன். அவசரப்பட்டுக் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். சுட்ட நாக்கோடு ஒன்றரை மணி நேரம் அந்த வெள்ளை வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு கிறிஸ்துமஸ் விழா. முதல்முறையாக எங்களை எங்கள் இஷ்டத்துக்கு வாசிக்க விட்டார்கள். சினிமாப் பாட்டு வேண்டாம், கட்டைவிரல் கோஷ்டியின் பாட்டுகளே ஒரு மணி நேரம். மூன்று மாதம் பயிற்சி. சனிக்கிழமை நிகழ்ச்சி. வியாழக்கிழமை எனக்கு அரசு வேலைக்கு ஆர்டர் வந்தது. ‘வெள்ளிக்கிழமையே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்’ என்று ஒரு சீட்டு எழுதி அவன் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பேருந்து ஏறிவிட்டேன். ஜாஸ்-ஃபங்க்கில் பேஸ் இல்லை என்றால் சாம்பாரில் பருப்பு இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு பென்னி இடது கையால் கீபோர்டிலேயே என் பகுதியையும் சேர்த்து வாசித்தானாம். பாதியில் கூட்டம் கத்த ஆரம்பித்துவிட்டதாம். அதன் பிறகு குழு கலைந்தது. அவன் வளைகுடா போனான், அங்கிருந்து இங்கே வந்தான்.

ஆனால் ஆர்டரில் திங்கட்கிழமை சேர வேண்டும் என்றுதான் போட்டிருந்தது. ரயில்வே காலனியில் நிஜமாகவே இசை தெரிந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தபோதே பெட்டியைக் கட்டிவிட்டேன். பயந்து ஓடினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. இதைச் சொல்லத்தான் வந்தேன். நாற்பது வருடத்தை நெருங்கும் ஒரு பொய்யை வாட்ஸ்அப்பில் திருத்த முடியாது இல்லையா?

பென்னி வரவில்லை. டிக்கெட்டை அவன் தபால்பெட்டியில் போட்டேன். கூடவே ஒரு சீட்டு: ‘சனி மாலை ஏழு மணி. பக்கத்து சீட்ல நான் இருப்பேன். சேகர்.’ அவன் வீட்டில் நான் சீட்டு செருகுவது இது இரண்டாவது முறை என்பது பேருந்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது. மாலையில், ‘தபால்பெட்டியைப் பார்’ என்று செய்தி அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தன. வேறொன்றும் வரவில்லை.

“அவருக்கு உங்களோட கதைக்க விருப்பமில்லையெண்டா என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டார் தவமணி.

“விருப்பம் இல்லைன்னா பிளாக் பண்ணியிருப்பானே.”

“ஓம், அதுவும் சரிதான்” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “பிளாக் பண்ண மறந்தும் போயிருக்கலாம் அண்ணை” என்றார். அறைக்குப் போய் பென்னியின் முறுக்கில் இரண்டைத் தின்றேன்.

சனிக்கிழமை முழுக்க நகரத்துக்குள் நடந்தேன். துறைமுகத்தில் எல்லோரும் ஜோடியாக அல்லது குடும்பமாக நின்று கடலைப் படம் எடுத்தார்கள். ஒரு ஜப்பானிய ஜோடி என்னிடம் தொலைபேசியைக் கொடுத்துத் தங்களைப் படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். உங்களையும் எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பின்னால் கடல், முன்னால் நான் மட்டும் என்றால் அந்தப் படத்தை யாருக்கு அனுப்புவது? மனைவிக்கு அனுப்பினால், “அவர் எங்க?” என்பாள்.

கட்டைவிரல் கோஷ்டியின் வாழ்க்கை வரலாற்றை நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஐந்து பேர் ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு இசைத்தட்டில் ஒரு வார்த்தை கிடையாது, வெறும் இசை. வார்த்தை இல்லாமல் விற்காது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதும் ஒரு பாடகியைச் சேர்த்துக்கொண்டார்கள். உலகம் முழுக்க ஆடியது. பிறகு டிரம்பெட்காரர் விலகினார். டிரம்ஸ்காரர் இறந்துபோனார். பாடகி தனியாகப் போய், தனியாக ஓடாமல், திரும்பி வந்தார். பேஸ்காரருக்கும் கீபோர்டுகாரருக்கும் பெரிய சண்டை வந்து கீபோர்டுகாரர் போய்விட்டார். மிச்சப்பட்டவர்கள் சுற்றுலாக் கப்பல்களில் சாப்பிடுகிறவர்களுக்கு வாசித்தார்கள். இருபது வருடம் கழித்துக் கீபோர்டுகாரர் திரும்பி வந்தார். இந்தக் கடைசி வரிதான் என்னை விமானம் ஏற்றியது. அவர்களே சேர்ந்துவிட்டார்கள், நாங்கள் என்ன என்று நினைத்தேன்.

ஆறரை மணிக்கே அரங்கில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை காலி. சுற்றிலும் என் வயதுக்காரர்கள். வழுக்கைகள், முட்டி வலிகள், இளமையில் வாங்கிய சட்டைக்குள் இப்போது நுழையாத வயிறுகள். ஏழு மணிக்குச் சற்று முன்பு, காலி இருக்கைக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் ஒரு பருத்த மனிதர் வந்து உட்கார்ந்தார். “இங்கே யாராவது இருக்கிறார்களா?” “வருவார்” என்றேன். ஏழேகாலுக்கு, “இன்னும் வருவாரா?” “வருவார்.” ஏழரைக்கு அவர் எதுவும் கேட்காமல் தன் ஈரக் கோட்டைக் கழற்றி அந்த இருக்கையில் போட்டார். ஒன்றுமில்லாததற்குக் கோட்டாவது இருக்கட்டும்.

நன்றாகத்தான் வாசித்தார்கள். பேஸ்காரருக்குத் தலை வெளுத்திருந்தது, கட்டைவிரல் வெளுக்கவில்லை. நான்காவதாக எங்கள் பாட்டு வந்தது. எங்கள் பாட்டு என்றால் நாங்கள் முதன்முதலில் கற்றுக்கொண்டது. திருச்சி ரெக்கார்டிங் கடையில் தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கியது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. டேப் தீர்ந்துபோனதால் பாட்டு நடுவில் டபக்கென்று நின்றுவிடும். நாங்கள் அதைப் பாட்டின் முடிவு என்றே நினைத்தோம். வெள்ளைக்காரன் எவ்வளவு தைரியமாக முடிக்கிறான் பார் என்று வியந்து, கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அதைச் செருகும்போது அதே இடத்தில் ஐந்து பேரும் டபக்கென்று நிறுத்துவோம். மாப்பிள்ளை வீட்டார் மின்சாரம் போய்விட்டதென்று நினைப்பார்கள்.

முழுப் பாட்டை நான் எப்போதோ இணையத்தில் கேட்டுவிட்டேன். புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. அந்த இடம் வந்ததும் நான் எழுந்து நின்று பலமாகக் கைதட்டினேன். அரங்கம் முழுக்க நான் ஒருவன் மட்டும். பாட்டு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கோட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டு, “இன்னும் முடியவில்லை நண்பரே” என்றார். உட்கார்ந்தேன். பென்னி இருந்திருந்தால் அவனும் எழுந்திருப்பான். இரண்டு பேராகத் தட்டியிருந்தால் அது அசட்டுத்தனம் ஆகியிருக்காது.

இடைவேளையில் வெளியே சட்டை விற்றுக்கொண்டிருந்த ஆங்கிலேயப் பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தேன். பல வருடமாகக் குழுவோடு சுற்றுகிறவர். கீபோர்டுகாரரும் பேஸ்காரரும் சமாதானம் ஆனது எவ்வளவு பெரிய விஷயம் என்று நெகிழ்ந்து சொன்னேன். அவர் சட்டையை மடித்துக்கொண்டே சிரித்தார்.

“சமாதானமா? யார் சொன்னது? தனித்தனி வண்டி, தனித்தனி ஓட்டல். காலையில் வணக்கம்கூடக் கிடையாது. மேடையில் வாசிக்கும்போது மட்டும்தான் அவர்களுக்குள் பேச்சு. உங்களுக்கு எந்த அளவு?”

எனக்குப் பெரிய அளவு என்றேன். இரண்டாம் பாதியில் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு அந்த இரண்டு பேரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மேடையின் இடக்கோடியில், மற்றவர் வலக்கோடியில். ஒருமுறைகூட முகம் பார்க்கவில்லை. ஆனால் இவர் ஒன்று அடித்தால் அவர் அதற்கு ஒன்று சொன்னார். அவர் தாமதித்தால் இவர் காத்திருந்தார். சண்டைபோட்ட இருவர் இவ்வளவு அக்கறையாகப் பேசிக்கொள்வதை நான் பார்த்ததில்லை.

அறைக்குத் திரும்பி மிச்ச முறுக்கையும் தின்று முடித்தேன். தொலைபேசியில் எட்டு மாதத்தில் முதல் பதில் வந்திருந்தது: ‘ஞாயிறு காலை. ஏவன்டேல் சந்தை. மீன் வண்டி பக்கம்.’

தவமணிதான் காரில் கொண்டுபோய் விட்டார். “ஒண்டையும் இழுக்காமல் நேர விஷயத்தைக் கதையுங்கோ. பகிடி விடாதேங்கோ” என்று எச்சரித்தார். பகிடி என்றால் கிண்டல். மூன்று நாளில் என்னை முழுசாகப் படித்துவிட்ட பெண்.

சந்தையில் கீரைக்கட்டுகள், சேப்பங்கிழங்கு மலைகள், பழைய துணிகள், பத்து மொழிகளில் பேரம். மீன் வண்டி அருகே மஞ்சள் வேலைச் சட்டையில், சக்கரம் வைத்த பச்சைத் தள்ளுபையோடு ஒருவன் நின்றிருந்தான். தலை மொத்தமாக வெள்ளை. ஆனால் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கிற அந்த நிற்பு பென்னியுடையது.

“பெருத்துட்ட” என்றான்.

“நீ வெளுத்துட்ட” என்றேன்.

டிக்கெட்டை எடுத்து நீட்டினான். “இந்தா. எனக்கு சனிக்கிழமை ஷிப்ட்.”

“ஷிப்ட்டா, வர இஷ்டமில்லையா?”

“ரெண்டும்.”

வெண்டைக்காய்க் கடைக்கு நகர்ந்தான். நானும் நகர்ந்தேன். அவன் ஒவ்வொரு காயாக நுனி ஒடித்துப் பார்க்க, நான் சம்பந்தமில்லாமல் பேசினேன். “நம்ம பாட்டை வாசிச்சாங்கடா. நம்ம நிறுத்துவோமே, அந்த இடத்துல எழுந்து கைதட்டிட்டேன். அதுக்கப்புறம் நாலு நிமிஷம் மிச்சம் இருக்கு.”

“எனக்கு அப்பவே தெரியும். சர்ச்ல ஃபாதர்கிட்ட முழு ரெக்கார்டு இருந்துச்சு.”

“ஏன்டா சொல்லல?”

“உனக்கு அந்த முடிவு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.”

அதற்குமேல் என்னால் பகிடி விட முடியவில்லை. வெண்டைக்காய்க் குவியலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “பென்னி, அந்த ஆர்டர்ல திங்கட்கிழமைன்னுதான் போட்டிருந்துச்சு. நான் பயந்துட்டு ஓடினேன்.”

அவன் கை நிற்கவில்லை. இன்னும் நாலைந்து காய்களை ஒடித்துப் பார்த்துப் பைக்குள் போட்டான்.

“இடது கையால வாசிச்சேன்” என்றான்.

“தெரியும்.”

“உனக்குத் தெரியாது. நீ அங்க இல்ல.”

கடைக்காரப் பெண் சீன மொழியில் ஏதோ சொல்லிப் பையை வாங்கித் தராசில் வைத்தார். அவன் எடைமுள்ளைப் பார்த்தான். நான் அவன் கையைப் பார்த்தேன். சரக்குப் பெட்டி தூக்கித் தூக்கி விரல் கணுக்கள் புடைத்திருந்தன. மன்னித்தேன் என்றோ, போய்த்தொலை என்றோ ஏதாவது ஒன்று சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு தள்ளுபையின் வாயைக் கட்டினான். கிளம்பப் போகிறான். எப்படியாவது அவனை இன்னும் ஒரு நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும் என்று கையிலிருந்த கடைசிச் சரக்கை எடுத்து விட்டேன்.

“அந்த பேஸ்காரரும் கீபோர்டுகாரரும் இன்னமும் பேசிக்கிறதே இல்லையாம்டா. மேடையில வாசிக்கும்போது மட்டும்தான் பேச்சாம். சமாதானமே ஆகாம எவ்வளவு நல்லா வாசிக்கிறாங்க தெரியுமா?”

பென்னி தள்ளுபையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வந்ததிலிருந்து முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தான்.

“நமக்கு மேடையே இல்லியேடா.”